சுவருக்கு ஐந்து மீட்டர்

பெங்களூரு ஜீவனஹள்ளி ஐரினுக்குப் பிறவியிலேயே இரண்டு கைகளும் முழங்கைக்கு மேலேயே முடிந்துவிட்டன. அதற்காக அவள் எதையும் விட்டுவைத்தவள் இல்லை. ஏழு வயதில் நீச்சல் குளத்தில் இறங்கினாள். இருபத்து மூன்றில், மாற்றுத்திறனாளிகள் பிரிவில், மல்லாந்து நீந்துவதில் மாநிலச் சாம்பியன். வைட்ஃபீல்ட் ஆபீசில் கால்விரல்களால் அவள் டைப் அடிக்கிற வேகத்தைப் பார்த்து டீம் லீடரே வாயைப் பிளப்பார்.

தேசியப் போட்டி மட்டும் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு வருடமாகத் தகுதி நேரத்தை அரை நொடியில் கோட்டைவிட்டாள். காரணம் அவளுக்கே தெரியும். மற்றவர்கள் கையால் சுவரைத் தொட்டு முடிப்பார்கள். ஐரின் தலையால் தொட வேண்டும். பன்னிரண்டு வயதில் ஒருமுறை முழு வேகத்தில் முட்டி, நான்கு தையல். அன்றிலிருந்து, சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் மேலே கட்டியிருக்கும் கொடிகளைக் கண்டதும் அவள் கால்கள் தாமாகவே அடங்கிவிடும்.

"கொடியிலேர்ந்து பத்து கிக். பிரேக் போடாம அடி," என்பார் கோச் பிரபா.

"தலை என்னுது மேடம்," என்பாள் ஐரின்.

இந்த வருடத் தகுதிப் போட்டி வந்தது. தண்ணீரிலிருந்து புறப்பட, மற்றவர்களைப் போலச் சுவர்க் கம்பியைப் பிடிக்கக் கையில்லாததால், ஒரு துண்டின் நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டுதான் அவள் புறப்பட வேண்டும். மறுநுனியைக் கரையில் பிடித்திருந்தது அம்மா மௌரீன்.

"மெதுவா முட்டும்மா, ப்ளீஸ்," என்றாள் மௌரீன். வாயில் துண்டு இருந்ததால் ஐரின் பதில் சொல்லாமல் தப்பித்தாள்.

பீப்! துண்டை விட்டாள். என்ன உதை, என்ன வேகம்! பக்கத்து லேன் பெண் பின்னால் போனாள். தலைக்கு மேல் கொடிகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறில் கால்கள் கெஞ்சின. பயம் போகவில்லை. அவள் இன்னும் வேகமாக உதைத்தாள். எட்டு. ஒன்பது.

டங்!

கையில் துண்டோடு, ஈரத் தரையில், தடுத்த அதிகாரியையும் தாண்டி மௌரீன் ஓடி வந்தாள். மகளின் தலையைத் தடவினாள். ரத்தம் இல்லை, எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு.

"டைம் பாரும்மா!" என்று கத்தினாள் ஐரின். பலகையில், தகுதி நேரத்தைவிட நொடியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிரபா குதித்துக்கொண்டிருந்தார்.

மௌரீன் கணவன் கிளெமென்டுக்கு போன் போட்டாள். "என்னங்க! நம்ம ஐரின் செவுத்துல முட்டிட்டா! நல்லா முட்டிட்டாங்க!"

"ஐயோ! எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்லீங்க, நேஷனல்ஸ்!" என்று சொல்லிவிட்டு, அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து மௌரீன் ஓவென்று அழுதாள்.