விளிம்பில் ஓடிய கோடு

பிற்பகல் மூன்று இருபது. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் அந்தக் காசை வாயில் வைத்தேன்.

அம்மாவின் தம்பியான மாமா திருச்சியில் ஒரு வங்கியில் காசாளர். ஐந்து ரூபாய் நாணயம் புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த சமயம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது.

"விளிம்பைப் பாரு கொழந்தே. நடுவுல பள்ளமா ஒரு கோடு ஓடறதா? அதுக்குள்ளே வேலைப்பாடு இருக்கே, கள்ளக்காசு அடிக்கறவனுக்கு அது மட்டும் வராது."

கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவியே நல்ல காசு எது என்று சொல்லிக் காட்டினார். கிளம்பும்போது, "நாக்காலேயே சொல்லுவேன், தெரியுமோ?" என்று கண்ணடித்துவிட்டு சைக்கிளில் ஏறினார்.

வேடிக்கைக்குச் சொன்னது அது ஒன்றுதான். நான் நம்பியதும் அதைத்தான்.

நாக்கு நுனியில் கோடு தெரிந்தது. சின்ன வாய்க்கால் போல வளைந்து வளைந்து போனது. அதன் கரையோடு நடந்துபோகலாம் என்றிருந்தது. கண் சொக்கியது. காசு வழுக்கித் தொண்டைக்குள் இறங்கி நின்றுவிட்டது.

"ரங்கா! ரங்கா!" என்று பெருமாளைக் கூப்பிட்டு அலறிய அம்மா, அவருக்குக் கண்டருளப்பண்ணிய பிரசாத வாழைப்பழத்தை என் வாயில் திணித்தாள். எங்கள் வீதியில் எதை விழுங்கினாலும் அதுதான் வைத்தியம். பழம் திரும்பி வந்தது. ஆட்டோவில் அப்பாவின் மடியில் படுத்துக் காவிரிப் பாலத்தைக் கடந்தேன். வெயில் விட்டு விட்டு முகத்தில் அடித்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை.

"காசு எண்றவனுக்குக் கொழந்தைகிட்ட என்ன வித்தை வேண்டிக்கெடக்கு? வரட்டும் அவன்!" என்று அப்பா வழியெல்லாம் பொரிந்தார்.

தில்லை நகர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். என் கழுத்துக்குக் கீழே முழு நிலா. தானாக இறங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கோடு தெரியறதா டாக்டர்?" என்றேன்.

"நல்ல காசான்னு பாக்கறியா? வாயாடி! அசையாம படு."

படுத்தேன். மின்விசிறி சுற்றியது. எனக்குள்ளே ஒரு வாய்க்கால் ஓடுவது போலவும் அதில் காசு மிதந்து போவது போலவும் இருந்தது. எப்போதோ நெஞ்சு லேசானது. மறுபடி எடுத்த படத்தில் நிலா வயிற்றில் கிடந்தது.

"தப்பிச்சே. இனிமே தானா வந்துடும்," என்றார் டாக்டர்.

போன வாரம் என் மகள் பன்னிரண்டு பக்க இருபது ரூபாய் நாணயத்தை உதட்டில் வைத்துக்கொண்டு பாடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட கூச்சலில் அவளே அழுதுவிட்டாள்.

அன்று கடைசியாக வந்தவர் மாமா. காலில் செருப்பில்லை, சட்டைப் பொத்தான்கள் மாறிப் போயிருந்தன. அப்பா எழுந்தார். அறையப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ நகர்ந்து வழிவிட்டார். மாமா என் வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கை ஈரமாக இருந்தது. வித்தையைத்தான் ஆரம்பிக்கிறார் என்று நான் காத்திருந்தேன். வெகுநேரமாகியும் கண்ணைத் திறக்கவில்லை.

"நல்ல காசுதானே மாமா?"

"நல்ல காசுதான்டி கொழந்தே," என்றார். "நல்ல காசுதான்."

சரியாகச் சொல்லிவிட்டார் என்று நான் கைதட்டினேன்.