கூடுதலாக ஒரு கொத்துப் பார்சல்

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதைச் சோபாவில் இருந்தபடி, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிவியில் பார்க்கிற கொடுப்பினை எனக்குத்தான் வாய்த்தது.

லண்டனில் எங்கள் ஆட்களின் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் அந்த ரொக் பாட்டைப் போடாமல் விடமாட்டார்கள். இளவயதில் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து பதிவு செய்தது. நான் டிரம்ஸ். நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுபோக, டிரம்ஸ் மட்டும் தனியே உருண்டு வரும் ஓர் இடம் உண்டு. அதைத்தான் மகள் தன் போனில் ரிங்டோனாக வைத்திருந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் "என்ட அப்பா அடிச்சது" என்பாள். எனக்கென்று இருந்த ஒரே பெருமை அது.

போன ஞாயிறு சேர்ச்சில் பூசை முடிந்து இல்ஃபோர்ட் வீட்டுக்கு வந்து யூடியூபைப் போட்டோம். அந்தப் பாட்டு உருவான கதை என்று ஒரு பேட்டி. பேசியவன் எங்கள் பாடகன். என் உயிர்ச் சிநேகிதன், மகளுக்கு ஞானத்தகப்பன்.

"டிரம்ஸ் அடிச்சவன் தங்கமான பெடியன். ஆனா கை ஓடும், தாளத்தில நிக்காது. அவனைக் கொத்துரொட்டி வாங்க அனுப்பிப்போட்டு, வேற ஒரு அண்ணையைக் கூப்பிட்டு அடிப்பிச்சனாங்கள். அவனுக்கு இண்டைக்கும் தெரியாது!" என்று சொல்லிச் சிரித்தான். கோதாரி விழுவான், வயிறு குலுங்கச் சிரித்தான்.

மகள் ரிமோட்டைத் தேடினாள். "விடு, பாப்பம்" என்றேன்.

லூயிஷாமில் ரயில் பாலத்துக்குக் கீழே இருந்தது நாங்கள் பாட்டைப் பதிவு செய்த ஸ்டூடியோ. மேலே ரயில் போனால் எல்லோரும் அசையாமல் காத்திருக்க வேண்டும். முதலில் டிரம்ஸ், அதன்மேல்தான் மற்றதெல்லாம். திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் "கலக்கிட்டாய் மச்சான், இது காணும், இனி வேண்டாம்" என்று சிநேகிதன் கட்டிப்பிடித்தான். உடனே எல்லோருக்கும் பசி. டூட்டிங் கடைக் கொத்துரொட்டிதான் வேண்டுமாம்.

"இஞ்ச பக்கத்தில ஒரு கடையும் இல்லையோ?" என்றேன்.

"இஞ்சத்தைக் கொத்து அதுக்குக் கிட்ட வருமே? நீ போனால்தான் பார்த்து வடிவா வாங்குவாய்."

வான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் நிற்கும்போது போன் வந்தது. "ஒரு பார்சல் கூட எடு. விருந்தாளி ஒராள் வந்திருக்கிறார்." விருந்தாளி அல்லவா! அவருக்கு மட்டும் இறைச்சி கூடப் போடச் சொல்லி, அது மாறிவிடாமல் தனிப் பையில் வாங்கினேன்.

வந்து பார்த்தால் விருந்தாளியாக வந்த அந்த அண்ணையின் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. "என்ன அண்ணை, இந்தக் குளிருக்குள்ள இப்பிடி வேர்க்குது?" அவர் வாய் திறக்க முன்னம் சிநேகிதன் சொன்னான்: "ஹீட்டர் கூடிப்போச்சு." நான் பாவி, அவருக்குத் தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்பார்கள். இவர்கள் இரண்டகத்தை முதலில் செய்துவிட்டு ஆறுதலாக இருந்து உண்டார்கள்.

பாட்டு வெளிவந்தபோது நானே வாய் பிளந்தேன். மிக்ஸிங் என்றால் இப்படியும் துப்புரவாக்குமா என்று சந்தோசப்பட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு மேடையிலும் அந்த உருட்டலில் தடக்கினேன். ஒவ்வொரு முறையும் அவன் எல்லோருக்கும் முன்னால் ஏசினான்: "ரெக்கோடில அடிச்ச மாதிரி அடியன்ரா! என்ன கோதாரிக்கு ஓடுறாய்?" எனக்கு ஒருமுறை வந்தது ஏன் மறுபடி வருகுதில்லை என்று, வீட்டில் தலையணைகளை அடுக்கி வைத்து அடித்துப் பழகினேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேட்டி முடிந்ததும் அவனுக்குப் போன் அடித்தேன். "மச்சான், அண்டைக்கு அந்தக் கூடின பார்சல் ஆருக்கு?"

"பாத்திட்டியே? கதை வேகத்தில வாய் தவறிப்போச்சடா. பாட்டு நல்லா வரோணுமெண்டுதான். உன்ர முகத்துக்கு நேர சொல்ல ஏலாமல் போச்சு."

"சரி, விடு. மேடையில ஏன்ரா என்னை ஏசினனீ?"

"ஏசாட்டி நீ சந்தேகப்பட்டிருப்பாய்."

போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மகள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த அவளது போன் அடித்தது. அந்த உருட்டல் இல்லை. போனை வாங்கும்போது அதோடு வந்த வெறும் மணி. அவள் என் முகத்தைப் பார்க்காமல் அவசரமாக எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் நோகக் கூடாதென்றுதான் மாற்றியிருப்பாள்.