கனம் பார்த்து வாங்கிய பவர் சப்ளை

அந்தக் கம்ப்யூட்டரில் நான் ஒரு நாள்கூட விளையாடியதில்லை. ஆனாலும் கடையில் அதற்குப் பெயர் கேமிங் பிசிதான். சென்னையில் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி என்னை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. விளையாட்டில் வரும் தெருக்களையும் வீடுகளையும் மரங்களையும் முப்பரிமாணத்தில் செய்து தர வேண்டும். முதல் மாதம் சோதனை. தினமும் மாலை ஆறு மணிக்குள் அன்றைய வேலையை அனுப்பிவிட வேண்டும். மாத முடிவில் அவர்களுக்குப் பிடித்திருந்தால் வேலை நிலைக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. வாழ்நாளில் ஒரு விண்ணப்பத்தையும் நான் யாரிடமும் கொடுத்து நிரப்பச் சொன்னதில்லை என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் தஞ்சாவூரில் அந்தக் கடைக்குள் போனேன்.

கையில் இருந்ததில் முக்கால்வாசி கிராபிக்ஸ் கார்டுக்கே போயிற்று. வேலைக்கு அதுதான் முக்கியம். அதில் குறைக்க முடியாது. கடைசியாக மிஞ்சியது பவர் சப்ளை. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டிலும் எழுநூற்றைம்பது வாட் என்று எழுதியிருந்தது. ஒன்றின் விலை மற்றதில் பாதிகூட இல்லை.

"மேடம், கார்டை இவ்வளவு பெருசா வாங்கிட்டு இதுல போய் மிச்சம் பிடிக்காதீங்க."

"ரெண்டும் ஒரே வாட்தானே?"

"எழுத்துல ஒண்ணுதான்."

நான் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். எங்கள் பக்கம் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை அப்படித்தான் வாங்குவார்கள். தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் உள்ளே செம்புக் கம்பி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். சின்ன வயதில் அப்பாவோடு மோட்டார் கடைக்குப் போய்ப் பார்த்த பழக்கம், நான் யோசிப்பதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. விலை குறைந்ததுதான் கனமாக இருந்தது.

"இதுதான் கனமா இருக்கு," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "கனம் பாத்து வாங்க இது என்ன அஞ்சு எச்.பி. மோட்டாரா மேடம்?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்தால் ஒருவேளை இன்னும் கொஞ்சம் விசாரித்திருப்பேன். "இதையே போடுங்க," என்றேன்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, ஒரு தெரு முழுக்க வெளிச்சம் அமைத்துக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. அதே நேரத்தில் வயலில் அப்பா மோட்டாரைப் போட்ட சத்தம் கேட்டது. எங்கள் வீடும் எங்கள் மோட்டாரும் வரிசையின் கடைசிக் கம்பத்தில் இருக்கின்றன. மோட்டார் ஓட ஆரம்பித்தால் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கும். சுவரில் இருந்த ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் காட்டும் முள் கீழே இறங்கி ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன். காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அது குறுவை நேரம். மேட்டூரில் தண்ணீர் திறந்து பூத்தூவியதை டிவியில் காட்டிப் பத்து நாளுக்கு மேல் ஆகியும், கடைமடையில் இருக்கும் எங்கள் வாய்க்காலில் புழுதிதான் இருந்தது. அப்பா போர்வெல் தண்ணீரை நம்பி நாற்று விட்டிருந்தார். மோட்டாருக்கான மும்முனை மின்சாரமோ பகலில் ஒன்பதிலிருந்து மூன்று மணி வரைதான். நான் வேலை செய்ய வேண்டியதும் அதே பகலில்.

"அப்பா, கரண்டு சரியில்ல. மோட்டார் போட்டா கம்ப்யூட்டர் நின்னுடுது. ஒரு மாசம் மட்டும் பகல்ல போடாம இருக்க முடியுமா?"

"நாத்து காயுமேம்மா."

"நான் சாப்பிடுற ஒரு மணி நேரம் போட்டுக்கங்க. படிச்சவ சொல்றேன், வோல்டேஜ்தான் பிரச்சன."

படித்தவள் என்ற சொல்லை அவரிடம் நான் எப்போது போட்டாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அது எனக்கும் தெரியும்.

ஒரு வாரம் ஒரு மணி நேரத் தண்ணீரில் நாற்று கிடந்தது. கம்ப்யூட்டரும் நடுநடுவே அணைந்துகொண்டுதான் இருந்தது. ஊரில் மற்றவர்களின் மோட்டார் ஓடுகிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செய்த வேலையையே மூன்று முறை, நான்கு முறை திரும்பச் செய்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துச் சேமித்து விரல் வலித்தது. ஆறு மணிக்கு அனுப்பிவிட்டு, சாப்பிடவும் தோன்றாமல் தரையில் படுத்துக் கிடப்பேன்.

பிறகு ஒரு நாள், ட்ரான்ஸ்பார்மர் வேலைக்காக மோட்டார் இணைப்புகளை எல்லாம் காலையிலேயே பிரித்துவிட்டார்கள். வீடுகளுக்கு மட்டும் மின்சாரம் இருந்தது. ஊரில் ஒரு மோட்டார் ஓடவில்லை. ஸ்டெபிலைசர் முள் இருநூற்று முப்பதில் ஆணி அடித்ததுபோல் நின்றது. அன்றும் இரண்டு முறை அணைந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு கடைக்காரர் வேண்டாம் என்ற அந்தப் பவர் சப்ளைப் பெட்டியை வெளியே எடுத்து நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே பாதி இடம் காலியாக இருந்தது. ஒரு பக்கச் சுவரில், எந்தக் கம்பியோடும் சேராமல், கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்புத் தகடு. கனத்துக்காக வைத்த தகடு. என்னைப்போல் தூக்கிப் பார்க்கிற ஆளுக்காகவே யாரோ வைத்தது.

அதை அப்படியே மூடி, திருகாணிகளை முடுக்கி, மறுபடி உள்ளேயே மாட்டினேன். இதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. வேறு வாங்க முதல் சம்பளம் வர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மோட்டாரைப் போடுங்கள் என்று அப்பாவிடம் சொல்ல ஒரு பைசா வேண்டாம். மூன்று நாள் சொல்லவில்லை. வெளிச்சத்தையும் நிழலையும் குறைத்து, கார்டுக்குப் பாரம் ஏறாமல், அரைகுறையான படங்களை அனுப்பினேன். அப்பா வழக்கம்போல் நான் சாப்பிட உட்காருகிற வரை மோட்டார் கொட்டகை வாசலில் காத்திருந்தார்.

நான்காம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே கொல்லைப் பக்கம் போனேன். அம்மா கை பம்பில் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்து நாற்றங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அது முதல் குடம் இல்லை என்று அவள் புடவை நனைந்திருந்ததில் தெரிந்தது. நாற்றங்காலின் மேற்கு ஓரம் நுனி கருகி வைக்கோல் நிறத்தில் கிடந்தது. மண் வெடித்திருந்தது.

"என்னடி பாக்குற? ஒன் கம்ப்யூட்டரு எந்திரிச்சிருச்சா? எந்திரிக்கலன்னா சொல்லு, மெதுவா நடக்குறேன்."

அப்பா வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கருகிய நாற்றைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டு அவரிடம் போனேன்.

"அப்பா, மோட்டார்னால இல்லப்பா. நான் வாங்கின பெட்டிதான் மோசம். நீங்க போட்டாலும் போடலன்னாலும் அது நிக்கத்தான் செய்யும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்பத் தெரியும்?"

"மூணு நாள் முன்னாடி."

அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் என்னைத் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. பாதி நியாயமானது, பாதி எனக்குக் கல்யாணம் ஆகாததைப் பற்றியது. அப்பா எழுந்து கொட்டகைக்குப் போனார். மும்முனை வர இன்னும் நேரம் இருந்தது. சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கார்டு வாங்கியபோது தொடாமல் வைத்திருந்த என் கம்மலை அடகு வைத்து, கடைக்காரர் முதலில் சொன்ன பெட்டியை வாங்கி வந்தேன். அவர் என்னை நினைவு வைத்திருந்தாரா என்று தெரியவில்லை. நான் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு அப்பா மோட்டாரைப் போட்டால் விளக்கு மங்கியது, கம்ப்யூட்டர் ஓடியது. சோதனை மாதத்தை இன்னும் இரண்டு வாரம் நீட்டியிருப்பதாகக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அரைகுறைப் படங்கள் அனுப்பிய மூன்று நாளின் விளைவு அது.

நடவு அன்று ஒரு மா நிலத்துக்கு நாற்று குறைந்தது. பக்கத்து ஊரில் மிஞ்சிய நாற்றை விலைக்கு வாங்கினோம். காலையில் என் ஸ்கூட்டியில் முன்னும் பின்னும் கட்டுக் கட்டாக நாற்று முடிகளை அடுக்கி நான்கு நடை கொண்டுவந்து போட்டேன். சேறு ஒழுகி வண்டியும் நானும் ஒரே நிறமாகிவிட்டோம்.

நட வந்த பெண்களில் ஒருத்தி இடுப்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள். "என்னண்ணே, போர் வச்சிருக்கீங்க, ஒங்களுக்குமா நாத்து பத்தல?"

அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார். அவர் எதையோ சொல்லி மழுப்பப் போகிறார் என்று தெரிந்தது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"என்னாலதான்க்கா," என்றேன்.

"ஒன்னாலயா? நீ என்னடி பண்ணுன, பொழுதன்னைக்கும் வீட்டுக்குள்ள ஒக்காந்திருக்கிறவ? ராத்திரி எறங்கி நாத்த மேஞ்சியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மாகூடச் சிரித்தாள். பவர் சப்ளையையும் இரும்புத் தகட்டையும் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆறு மணிக்கு அனுப்ப வேண்டிய தெரு வேறு பாதியில் நின்றது.

"ஆமாக்கா, மேஞ்சிட்டேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த முடியை இறக்கினேன்.