மாரியப்பன் சார் உட்காராத பந்தி

மாரியப்பன் சார் இறந்த செய்தி வந்தபோது நெதர்லாந்தில் எங்கள் துறையின் வாராந்தரக் கூட்டத்தில் இருந்தேன். ராஜபாளையத்திலிருந்து அவர் மகள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: "அப்பா காலையில தவறிட்டாங்க மாமா." படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்துப் பேச வேண்டியவன் நான், பேசினேன். முடிந்ததும் எல்லோரோடும் போய்ச் சாப்பிடவும் செய்தேன். அவர் விஷயத்தில் நான் இப்படி நடந்துகொண்டது முதல் தடவை அல்ல. அதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலிக் குறிப்பை எழுதுகிறேன்.

அவரோடு பழகிய உங்களுக்கு அந்த வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேண்ட்டும் நினைவிருக்கும். "சாக்பீஸ் தூசி தெரியாது சார், வீட்டுல திட்டு மிச்சம்" என்பார். ஒரே கல்லூரியில் ஆறு வருடம் ஆசிரியர்களாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். சனிக்கிழமை தோறும் ராஜபாளையத்திலிருந்து வ. புதுப்பட்டி வரை தோட்டக் கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து நோட்டில் எழுதுவார். "கிணத்துக்குள்ள எட்டிப் பாக்காம எழுதுனா அது கட்டுரை இல்ல சார், கதை." நான் வெளிநாடு போனேன். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அளந்தார். அந்த நோட்டுகளால்தான் நான் பேராசிரியன் ஆனேன். என் கட்டுரைகளில் அவர் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் வரும்.

போன தடவை ஊருக்கு வந்தபோது ஒரே நாளில் நான் பேச வேண்டிய மூன்று கூட்டம், மூன்று இடத்தில் சாப்பாடு. டாக்ஸி பிடிக்கிறேன் என்றேன். "டாக்ஸி எதுக்கு? நம்ம வண்டியிலயே போவோம். அம்புட்டுப் பேரையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று தன் பழைய மாருதியை எடுத்து வந்தார்.

காலை டிபன் ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி வீட்டில். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, நான் மறந்து வைத்த பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார் சார். அங்கே கார் ஓட்டுகிறவர்களுக்கு வெள்ளைதான் சீருடை. மானேஜர் அவரைப் பார்த்து, "டிரைவர் அண்ணே, நீங்க பின்பக்கமா வாங்க, அங்கன டிபன் இருக்கு" என்றார். என் காதில் விழுந்தது. சார் என்னைப் பார்த்தார். 'இவர்தான் மாரியப்பன் சார்' என்று சொன்னால் போதும். அதற்குள் முதலாளி என் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போய்விட்டார் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தோளில்தான் கை போட்டார், வாயைப் பொத்தவில்லை.

மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் கூட்டம். அதே முதலாளியும் வந்திருந்தார். இப்போது சொன்னால், காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. மேடையில் சாருடைய கிணறுகளைத் திரையில் காட்டினேன்; கைதட்டினார்கள். பந்தியில் எனக்கு இரண்டாம் தடவை பால்கோவா வைத்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். வேப்பமரத்தடியில் சார் டிரைவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

காரில் ஏறியதும், "சார், அது வந்து..." என்று இழுத்தேன்.

"அங்கன பந்தி நல்லாருந்துச்சு சார். மம்சாபுரத்து டிரைவர் ஒருத்தரு, அவரு தோட்டத்துல பழைய கிணறு ஒண்ணு இருக்காம். வார சனிக்கிழமை போறேன்" என்றார்.

சாயங்காலம் கிருஷ்ணன்கோவில் பக்கம் மூன்றாவது கூட்டம். அங்கே அவர் காரை விட்டு இறங்கவே இல்லை.

திரும்பி அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், வாசலிலேயே காத்திருந்தார். "ஒங்களயும் மேடையில ஏத்துனாகளா? யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீக?" என்று அவரிடம் ஆசையாகக் கேட்டார்.

சார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "சாருகூடத்தான். ஒரே பந்தி. மொதலாளி பக்கத்துலயே எனக்கும் எலை போட்டாக."

மதினி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தோசை வார்த்தார். அதையும் சாப்பிட்டேன்.

அதன்பின் சனிக்கிழமைகளில் போன் செய்வார். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அவர் கிணறுகளைப் பற்றியே பேசுவார். முடிந்ததும், "சரி சார், ஒங்களுக்கு வேலை கெடக்கும்" என்று வைத்துவிடுவார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

நோட்டுகளை அவர் மகள் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவற்றிலிருந்து இனி நான் எதை எழுதினாலும் அவர் பெயர் முதலில் வரும். அது காலம் கடந்த மரியாதை. அவருடையது என்று என்னிடம் இருப்பது, என் மானத்தைக் காக்க அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான். அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

மதினி, அன்றைக்கு அவருக்கு முதலாளி பக்கத்தில் யாரும் இலை போடவில்லை. டிரைவர் என்று நினைத்து வெளியே உட்கார வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.