பின்பக்கம் தாழ்த்திய வண்டி

குலசேகரத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் என் மனைவி ரப்பர் வெட்டினாள். நான் பிக்கப் வண்டியில் ரப்பர் ஷீட் ஏற்றி மார்த்தாண்டம் போய் வருவேன். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வராத காலம் அது. ஒரு மழைக்காலையில் அவள் வழுக்கிப் பாறையில் விழுந்தாள். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வந்தாள். வீட்டு முற்றத்தில் அவளைத் தூக்கி இறக்கினேன். வேலி நெடுக ஆட்கள் நின்று பார்த்தார்கள். உள்ளே வந்ததும் சொன்னாள்.

"இனி என்னத் தூக்கப்பிடாது, கேட்டியளா. நான் என்ன ரப்பர் ஷீட்டா, எடுத்து அடுக்குயதுக்கு?"

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவளே கையூன்றி நகர்ந்துவிடுவாள். வாசலை மட்டும் தாண்டவில்லை. மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்கு நான் தனியாகப் போனேன். அவளுக்கும் போக வேண்டும். ஆனால் உருண்டுதான் போவாள்.

வண்டியின் பின்கதவைத் திறந்து பலகை சாய்த்துப் பார்த்தேன். ஏற்றம் செங்குத்தாக இருந்தது. நாற்காலி பாதியில் நின்றது.

மார்த்தாண்டத்தில் பட்டைக் கடை வைத்திருந்தவன் என்னோடு நாலாம் வகுப்பு வரை படித்தவன். வண்டியின் பாரம் தாங்கும் வில்லைத்தான் பட்டை என்போம்.

"பின்பக்கம் ஒரு சாண் தாழணும்" என்றேன்.

"லேய் மக்கா, ஊருல எல்லாவனும் பாரம் ஏத்துயதுக்குப் பட்டை கூட்டுயான். நீ தாழ்த்தச் சொல்லுத. வயசான காலத்துல ஸ்டைலா?"

"அவ ஏறணும்."

ஜாக்கியை எடுத்து வந்தான். பின்சக்கர அச்சுக்கு மேலே இருந்த பட்டையை அச்சுக்கு அடியில் மாற்றிக் கட்டினான். வண்டி தாழ்ந்தது.

வீட்டில் பலகை போட்டேன். அவளே சக்கரத்தைத் தள்ளி ஏறினாள். நாற்காலியைக் கயிற்றால் வரிந்து கட்டினேன்.

"பூசையில எல்லாவரும் எழும்பணும், இருக்கணும், திரும்ப எழும்பணும். எனக்கு அந்தப் பாடு இல்ல" என்று சிரித்தாள்.

ரோட்டில் ஏறி வேகம் நாற்பதைத் தொட்டதும் வண்டி அடியிலிருந்து நடுங்கியது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். நிறுத்தினேன்.

"ஒண்ணுமில்ல, போங்க" என்றாள். கடித்த உதட்டில் ரத்தம்.

திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு ஒரு நீளத் தண்டு சுழன்று போகும். கியர்பாக்ஸ் எந்தச் சாய்வில் பார்க்கிறதோ, தண்டு வந்து சேரும் அச்சின் மூக்கும் அதே சாய்வில் இருக்க வேண்டும். பட்டையை மாற்றியதில் மூக்கு சாய்ந்துவிட்டது. அதுதான் நடுக்கம். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு வைத்தால் மூக்கு திரும்பும்.

"ஒனக்கு நானே ஆப்பு வைக்க வேண்டி வந்துட்டே மக்கா" என்றான் பட்டைக் கடைக்காரன். வைத்தான். தடித்த பக்கத்தை மாற்றி வைத்துவிட்டான். நடுக்கம் கூடியது. கழற்றி மறுபக்கம் திருப்பினான். தூக்குக்குண்டு தொங்கவிட்டு இரண்டு சாய்வையும் பார்த்தான்.

"வெறும் வண்டியில பாத்தா கணக்குத் தப்பும். பாரம் ஏறினா பட்டை அமுங்கி இருந்துரும். அவ என்ன எடை இருப்பா?"

கிலோவில் எனக்குத் தெரியாது. ஒரு முறை தூக்கியிருக்கிறேன். கைக்குத் தெரியும். ஒரு கட்டு ஷீட்டைப் பின்னால் வைத்தேன். குறைவாகப் பட்டது. நாற்காலியையும் நினைத்து இன்னும் கொஞ்சம் ஷீட் அடுக்கினேன்.

"இவ்வளவுதான்" என்றேன்.

அந்தப் பாரத்துக்குச் சாய்வைச் சரி பார்த்து முறுக்கினான். ஓட்டிப் பார்த்தேன். நாற்பது, ஐம்பது, அறுபது. ஒரு நடுக்கமில்லை.

சொல்ல வேண்டுமென்று வேகமாக வீட்டுக்கு வந்தேன். அவளுக்குக் காய்ச்சல். முதுகில் படுக்கைப் புண் இருந்தது. அது உள்ளே பழுத்து ரத்தத்தில் கலந்துவிட்டதென்று பிறகு டாக்டர் சொன்னார்.

"வண்டி செரியாச்சு" என்றேன்.

"அப்போ ஞாயித்துக்கிழம போவம்."

ஞாயிறு வருமுன் ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் அவளைத் தூக்கினார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பெட்டியை என் வண்டியில்தான் கொண்டுபோனேன். எல்லாரும் மெதுவாகப் போகச் சொன்னார்கள். கொஞ்ச தூரம் வேகமாகப் போனேன். நடுங்கவில்லை.

கோயில் வாசலில் நாலு பேர் தோள் கொடுக்க வந்தார்கள்.

"தூக்கப்பிடாது" என்றேன்.

மச்சினன் கையைப் பிடித்தான். "என்ன அத்தான் இது? தோளுல எடுக்காம உருட்டியா கொண்டு போறது? ஆளுவ என்ன சொல்லும்?"

"அவ சொன்னது."

பலகையைப் போட்டேன். கியர்பாக்ஸ் உருட்டும் தள்ளுவண்டியைப் பட்டைக் கடைக் கூட்டாளியிடம் முந்தின நாளே கேட்டிருந்தேன். கிரீஸ் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். பெட்டியைப் பலகையில் சறுக்கவிட்டு அதில் வைத்தோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் உருண்டுதான் உள்ளே போனாள்.

பிறகு கூட்டாளி கேட்டான். "பட்டைய பழையபடி மாத்திரட்டா? லோடு அடிக்கண்டாமா?"

"கெடக்கட்டு" என்றேன்.

இப்போது பாரம் குறைவாகத்தான் ஏற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெறும் வண்டியோடு பூசைக்குப் போவேன். நாற்பதைத் தொட்டால் லேசாக நடுங்கும். பின்னால் அவள் எடைக்கு ஷீட் வைத்தால் நின்றுவிடும்.

நான் வைப்பதில்லை.