மேட்டுக்கு ஏறாத பேருந்து

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், மூன்றாவது வார்த்தையிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும். மாடியில் அவள், கீழே நாங்கள். அவள் பேசினால் தெருமுனை வரை கேட்கும். ஊரில் அவளுக்கு ‘ஹாரன்’ என்றே பெயர். நகராட்சிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

முதலில் அவள் அதே பேருந்தில் கண்டக்டராக இருந்தாள். பிறகு பிடிவாதமாக உரிமம் வாங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் நாள், பெண் ஓட்டுகிறாள் என்று பார்த்துவிட்டுப் பாதிப்பேர் ஏறாமல் நின்றார்கள். “நம்பிக்கை இருக்கறவங்க ஏறுங்க, இல்லாதவங்க நடந்து வாங்க, மேல பாக்கலாம்” என்று கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் எல்லோரும் ஏறினார்கள். நாங்கள் இருக்கும் மேட்டுக் குடியிருப்புக்கு நடந்து ஏறினால் நாக்குத் தள்ளிவிடும்.

அந்த டீசல் பேருந்தைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஏற்றத்தில் அது கக்கும் புகையில் கொடியில் காயும் துணியெல்லாம் மறுபடி அழுக்காகும். அவளுக்கோ ஓயாத இருமல். அதனால், பருவநிலைத் திட்டம் என்று ஒன்றைப் போட்டு, டீசலை நிறுத்திவிட்டு மின்பேருந்து விடப்போகிறோம் என்று நகராட்சி அறிவித்தபோது அவளைப்போலக் குதித்தவர்கள் யாரும் இல்லை. பயிற்சிக்கு முதல் ஆளாகப் போனாள். “சத்தமே இல்ல அண்ணி. நான் பேசறது எனக்கே கேக்குது” என்றாள். எங்களுக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. மின்பேருந்து கடைத்தெரு, நீதிமன்றம், ரயில் நிலையம் என்று சமதளத்தில் மட்டும் சுற்றுமாம். மேட்டுப் பாதையையே ரத்து செய்து மன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஏற்றத்தில் மின்சாரம் அதிகம் செலவாகும். முன்னேற்ற அறிக்கையில் காட்டும் எண்கள் கெட்டுப்போகும். பேருந்தே போகாவிட்டால் மேட்டில் நகராட்சியின் மின்செலவும் பூஜ்யம், புகையும் பூஜ்யம். சபாஷ்!

அந்தப் பூஜ்யத்தின் லட்சணத்தை எங்கள் வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும். டீசல் பேருந்து நின்றதுமே வீட்டுக்கு வீடு பழைய மோட்டார் சைக்கிள் வந்து இறங்கியது. ஆட்களைப் புளிமூட்டை மாதிரி அடைத்துக்கொண்டு ஓட்டை வேன்கள் ஏறின. வண்டிகள் நகராட்சியுடையவை அல்ல, ஆகவே அந்தப் புகை அவர்கள் கணக்கில் சேராது. எங்கள் மூக்குக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. வேனில் முண்டியடித்து ஏற முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதையே விட்டுவிட்டாள். அவள்தான் ஒருநாள் என் நாத்தனாரைக் கேட்டாள், “நீ கீழயே சொகுசா ஓட்டப்போறியாமே?” ஹாரன் அன்றைக்கே நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். மனு எழுதினாள், கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தொடக்க விழா வந்தது. புதுப் பேருந்தில் நகராட்சித் தலைவர், மன்ற உறுப்பினர்கள், பொறியாளர். ஊழியர் குடும்பத்துக்கும் இடம் உண்டு என்றதால் பின்சீட்டில் நான். ரிப்பன் வெட்டி, கைதட்டி, போட்டோ எடுத்து, வண்டி கிளம்பியது. கடைத்தெரு முனையில் நேராகப் போக வேண்டியது, இடப்பக்கம் திரும்பியது.

“எங்கம்மா போற?” என்றார் தலைவர்.

“மேட்டுக்கு, சார்.”

“அந்தப் பக்கம்தான் சர்வீஸ் இல்லையே!”

“ஜனங்க இருக்காங்களே சார்.”

பொறியாளர் பதறி எழுந்தார். “சார்ஜ் இறங்குது பாருங்க! நான் அப்பவே சொன்னேன்!” மனிதர் சொன்னது பொய்யில்லை. திரையில் அளவு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

“இறங்கட்டும் சார். இத்தனை பேரைச் சுமந்துட்டு ஏறுது. பட்டினியாவா ஏறும்?”

வழியில் நின்று தொலைத்தால் அவள் வேலைக்கும் எங்கள் பஸ்ஸுக்கும் சேர்த்து அன்றோடு தலைமுழுக்கு. நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுவதுபோல முக்கிக்கொண்டிருந்தேன். வண்டி திணறியது, ஆனால் நிற்கவில்லை. மேட்டில் பழைய நிறுத்தத்தில் போய்த்தான் நின்றது. நாத்தனார் கதவைத் திறந்து, வண்டியை அணைத்து, கைகளைக் கட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து கூடிவிட்டார்கள்.

“சரி, பாத்தாச்சு. வண்டியைத் திருப்பு” என்றார் தலைவர்.

“எப்படி சார்? மேட்டுல இருந்து கீழ பஸ் கிடையாதுன்னு நீங்கதானே தீர்மானம் போட்டிருக்கீங்க? நீங்க மாத்துங்க, நான் திருப்பறேன்.”

“உன் வேலையே போயிடும், தெரியுமா?”

“தெரியும் சார். அழறதுக்குத்தான் அண்ணியைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு உறுப்பினர்கள் ரோஷத்தோடு இறங்கி நடந்தார்கள். அடுத்த திருப்பத்திலேயே ஒரு வேன் அவர்கள் வெள்ளைச் சட்டைமேல் கரியைப் பூசிவிட்டுப் போனது. ஜன்னல் வழியாகத் தலைவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் கையில் செல்போன் வேறு. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சோதனை முறையில் மேட்டுக்கும் விடுகிறோம்” என்று பெரிய மனது பண்ணினார். வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் முழங்கால் அக்கா.

இப்போது பேருந்து தினமும் வருகிறது, வேறு ஓட்டுநரோடு. மோட்டார் சைக்கிள்கள் முன்போல அலறுவதில்லை. புது அறிக்கையில் இது நகராட்சியின் சாதனை. தலைவர் படமும் உண்டு. என் நாத்தனார் தற்காலிகப் பணிநீக்கத்தில் வீட்டில் இருக்கிறாள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். நான்தான் விடாமல் நச்சரித்தேன். நேற்று தாளையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்து, “எழுதித் தொலையேன், உன் கிரீடமா இறங்கிடும்?” என்றேன்.

“எழுதிடுவேன் அண்ணி. ஆனா அந்த ரோடு இந்த பஸ்ஸுக்கு லாயக்கில்லைன்னு தெரிஞ்சும் ஏத்தினேன்னு எழுதணுமாம். ‘சோதனை முறை’ன்னுதானே விட்டிருக்காங்க? என் கையெழுத்தைக் காட்டியே நிறுத்திடுவாங்க.”

அவர்கள்மேல் வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளை நானே நாலாகக் கிழித்தேன்.

“அப்போ சாப்பாட்டுக்கு?” என்றாள்.

“கீழ உலை கொதிக்குது. வந்து உக்காரு.”

“எத்தனை நாளைக்கு அண்ணி போடுவீங்க?”

“பஸ் மேட்டுக்கு ஏறிட்டிருக்கற வரைக்கும் போடுவேன். எழுந்திரு.”