பதிலுக்கும் மூன்று தரம்

டிவியில் கேள்வி கேட்டால் மற்ற வீடுகளில் தெரிந்தவர் பதில் சொல்வார், தெரியாதவர் பேசாமல் இருப்பார். எங்கள் வீட்டில் அப்படிக் கிடையாது. எங்கள் வீட்டில் பதில் ஏலத்துக்கு வரும்.

என் வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். விடியற்காலையில் படகிலிருந்து கூடைகள் இறங்கியதும் கூட்டத்துக்கு நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்துவதுதான் அவர் பிழைப்பு. நான் கொருக்குப்பேட்டைக்காரி, கூட்ஸ் வண்டிச் சத்தத்தில் வளர்ந்தவள். சத்தம் எனக்குப் புதிதில்லை. இருந்தாலும் கல்யாணமான புதிதில் இந்த மனுஷன் உப்பு கேட்டாலே அடுத்த தெருவுக்குக் கேட்டது. "யோவ், நான் பக்கத்துலதான கீறேன்" என்பேன். "மெதுவாத்தாம்மே பேசிகினு கீறேன்" என்பார். அதையும் கத்தித்தான் சொல்வார்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வினாடி வினா நிகழ்ச்சி வரும். நேரலை. நடத்துகிற பெண் ஒரு குறிப்பு கொடுப்பார், வீட்டிலிருந்து யாராவது போனில் பதில் சொல்வார்கள். அந்த நேரத்துக்கு நான் மருந்துக்கடை வேலை முடிந்து வந்திருப்பேன். மகள் காலேஜிலிருந்து வந்திருப்பாள். அவர் தூங்கி எழுந்து டீ டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்.

ஏலத்தில் எடுத்த எடுப்பிலேயே மனசில் இருக்கிற விலையை எவனும் சொல்ல மாட்டான். குறைத்துக் கேட்டுவிட்டு மெல்ல ஏறுவான். அந்தப் பழக்கம் அவரோடு சேர்ந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சரியான பதில் தெரிந்தாலும் நாங்கள் அதை முதலில் சொல்ல மாட்டோம், சும்மா ஒன்றை வீசிப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது என்றால் மகள் தெரிந்தே "சிட்னி" என்பாள். "சிட்னி ஒரு தரம்" என்பார் அவர். நான் "மெல்போர்ன்" என்று ஏற்றுவேன். "மெல்போர்ன் ஒரு தரம், மெல்போர்ன் ரெண்டு தரம்" என்று அவர் இழுக்கிற இழுப்பில் மகள் "கான்பெரா!" என்று குதிப்பாள். மூணு தரம் விழுந்தால்தான் அது பதில். அதுவரைக்கும் யாரும் மாற்றலாம். வெளியாள் பார்த்தால் மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது என்றுதான் நினைப்பார்.

யாருக்குமே தெரியாத கேள்வி வந்தால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். துறைமுகத்தில் ஒருவரும் கேட்காத பொடி மீன் கொஞ்சம் மிஞ்சும். அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, "யாரும் கேக்கல, நம்ம வூட்டுக்கே" என்று என்னிடம் நீட்டுவார். கேள்விக்கும் அதே தீர்ப்புதான். "யாரும் கேக்கல, நம்ம வூட்டுக்கே" என்று கையைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டில் ருசியாகச் சாப்பிட்டதெல்லாம் அந்தப் பொடி மீன் குழம்புதான்.

மூன்று இதயம் உள்ள உயிரினம் எது என்று ஒருநாள் கேட்டார்கள். ஆக்டோபஸ் என்று விடை வந்ததும் இவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் கையில் எத்தனையோ ஆக்டோபஸ் ஏலம் போயிருக்கிறது, இப்படி ஒரு சேதியை ஒருத்தரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று. மறுநாள் ஒன்றை அறுத்தே பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணு கண்டுகினேன். மத்த ரெண்டும் எங்க பூட்ச்சோ தெரில" என்றார். விடையை அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். ஒரே நிகழ்ச்சி எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு நேரத்தில் வரும். பக்கத்து வீட்டு அக்கா மீன் விற்கிறவர். அவர் வீட்டுக் கேபிளில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடும். கீழ்வீட்டு டிஷ்ஷில் அதற்குச் சற்றுப் பின்னால். எதிர் பிளாக்கில் மாடியில் இருக்கிற டெய்லர் போனில்தான் பார்ப்பார், அவருக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். எங்கள் டிவியில் கேள்வியே முடிந்திருக்காது, அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் விடையைக் கத்திவிடுவார். "யக்கா! கூடையே எறங்கல, அதுக்குள்ள இன்னா வெல சொல்ற?" என்று இவர் இங்கிருந்து கத்துவார். அக்காவின் சிரிப்பு சுவரைத் தாண்டி வரும்.

அப்படிப்பட்ட தொண்டைதான் கெட்டுப்போனது. முதலில் கரகரத்தது. மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அப்புறம் ஏலத்தின் நடுவில் அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. டாக்டர் குரல் நாணில் சின்னக் கட்டி இருப்பதாகச் சொல்லி எடுத்துவிட்டார். பயப்படும்படியான கட்டி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தபோது நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதேன். சில வாரம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்றார்கள். பேசவில்லை. சைகையும் போனில் தட்டுவதுமாக ஓட்டினார். ஏலத்துக்கு அவருடைய மச்சான் போனார்.

கெடு முடிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "காயம் நல்லா ஆறிடுச்சு. இனிமே பேசலாம். கத்தாம பேசுங்க. பழைய குரல் அப்படியே வருமான்னு என்னால சொல்ல முடியாது, பேசப் பேசத்தான் தெரியும்" என்றார்.

அங்கேதான் வந்தது வினை. மனுஷன் பேசவே மாட்டேன் என்றுவிட்டார்.

முதலில் நான் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு வலிக்கிறதோ என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். கெஞ்சினேன். திட்டினேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம்தான். "ஊமையாவே இருந்துக்கோய்யா, எனக்கின்னா" என்று ஒருநாள் வாய்விட்டுவிட்டு, பிறகு சமையல்கட்டில் நின்று என் வாயிலேயே அடித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் போனில் தட்டிக் காட்டினார். 'வேற எவனோ கொரல் வந்துச்சுன்னா?'

அதைப் படித்த பிறகு நான் அவரைத் திட்டவில்லை. கூடை கூடையாக மீனை நூறு பேருக்கு நடுவில் விற்றுக் காட்டிய குரல் அது. அது போய்விட்டது என்று தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமல் இருப்பதே மேல் என்று நினைத்துவிட்டார். வாயைத் திறக்காத வரைக்கும் பழைய குரல் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. பாவமாக இருந்தது. அதே நேரம் பயமாகவும் இருந்தது. இப்படியே பழகிவிட்டால் இந்த மனுஷன் இனி யாரோடும் பேசாமலே இருந்துவிடுவார்.

வினாடி வினா மட்டும் வழக்கப்படி ஓடியது. நானும் மகளும் ஆளுக்கொரு பதிலைச் சொல்வோம். தரம் சொல்ல ஆள் இல்லாமல் அது அப்படியே நிற்கும். டிவிக்காரி விடையைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டு அக்காகூட இப்போதெல்லாம் முந்திக் கத்துவதில்லை.

ஒருநாள் மகள் என் போனிலிருந்து அந்த நிகழ்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டாள். "வூட்ல யாரு கொரலாவது சத்தமா கேக்கட்டும்மா" என்றாள். அவர்கள் உண்மையிலேயே கூப்பிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட்டார்கள். ஏழு மணிக்குத் தயாராக இருக்கச் சொன்னார்கள். நான் பெருமை தாங்காமல் பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டேன். அன்று எல்லா வீட்டிலும் டிவி அலறியது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அவர் எதிரில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம்மா! எங்கேருந்து பேசறீங்க?"

"காசிமேடு."

"டிவி வால்யூமை மொத்தமா குறைச்சிடுங்க. ரெடியா? சூரியனை ஒரு தடவை சுத்தி வர்ற நேரத்தைவிட, தன்னைத்தானே ஒரு தடவை சுத்திக்க அதிக நேரம் எடுக்கிற கிரகம் எது?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. முன்பே வந்த கேள்வி. வெள்ளி. அன்றைக்கு விடையைக் கேட்டுவிட்டு, "காலீல ஏலத்துக்கு நிக்கசொல்ல மேல மினுக்கினு கீதே, அதுவா இம்மாம் சோம்பேறி?" என்று இவர் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும்.

நான் தெளிவாக, சந்தோஷமாகச் சொன்னேன். "புதன்."

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், தரத்துக்காக அவர் முகத்தைப் பார்த்தேன்.

"புதன்! அதான் உங்க பதிலா?" என்றது போன்.

ஒரு தரம் விழட்டும், பிறகு ஏற்றலாம் என்று காத்திருந்தேன். சத்தியமாக அந்த நொடியில் எனக்கு அது டிவிக்காரி என்பதே மறந்துவிட்டது. மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை வீசினார். நான் அதையும் இழுத்தடிக்கிற விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டு புருவத்தை உயர்த்தினேன்.

"லைன்ல இருக்கீங்களாம்மா? புதன், முடிச்சிடலாமா?"

"இன்னும் ஒரு தரமே சொல்லலியே" என்றேன்.

"என்னம்மா?"

அவர் எழுந்துவிட்டார். டீ தரையில் கொட்டியது. நல்ல சரக்கு அடிமாட்டு விலைக்குப் போவதைப் பார்த்தால் துறைமுகத்தில் அவர் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது.

"யம்மே! வெள்ளிம்மே! வெள்ளி கீதும்மே!"

போனில் அந்தப் பெண் சிரித்தார். "பின்னாடி யாரோ சொல்லிட்டாங்க போல. ஆனா முதல்ல சொன்ன பதிலைத்தான் எடுத்துக்க முடியும்மா. சாரி, புதன் தவறு!" லைன் போய்விட்டது.

பரிசாவது ஒன்றாவது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையில் கையை வைத்தபடி நின்றார். கோபத்தில் கத்தியவருக்குத் தன் குரல் எப்படி வந்தது என்று காதில் விழுந்திருக்காது. எனக்கு விழுந்தது. பழைய குரல் இல்லை. மெலிந்து, நுனியில் உடைந்து, சளி பிடித்தவன் பேசுவதுபோல இருந்தது. எப்படிச் சொல்வேன் என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம், போனைவிடச் சில நொடி பிந்தி ஓடுகிற அக்கா வீட்டு டிவியிலிருந்து வந்தது.

"யம்மே! வெள்ளிம்மே! வெள்ளி கீதும்மே!"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். யாருடைய குரல் என்று ஒரு நொடி அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கியது. எனக்கு அவர் காதைப் பொத்திவிட வேண்டும் போல இருந்தது.

மகள் எங்கிருந்து அந்தத் துணிச்சலை எடுத்தாளோ, மெல்லச் சொன்னாள். "ஒரு தரம்."

கீழ்வீட்டு ஜன்னல் வழியாக மறுபடியும் வந்தது, அதே உடைந்த குரல். இந்தத் தடவை அவர் தலையைச் சாய்த்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, கவனமாகக் கேட்டார்.

"ரெண்டு தரம், நைனா" என்றாள் மகள்.

மூன்றாவது வரவில்லை. நான் எதிர் பிளாக்கைப் பார்த்தேன். டெய்லர் வீட்டு விளக்கு எரிந்தது. நெட் எப்போதும்போல இழுத்துக்கொண்டிருந்தது. மகள் வாயைத் திறக்கப் போனாள். அவர் உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தினார். ரெண்டாவது தரத்துக்குப் பிறகு கூட்டத்தைப் பார்த்து, வேறு யாராவது கேட்கிறார்களா என்று காத்திருக்கும்போது அவர் காட்டுகிற கை அது. எத்தனையோ நாள் கழித்து அந்தக் கையைப் பார்த்தேன்.

எதிர் மாடியிலிருந்து சன்னமாக வந்தது. "யம்மே! வெள்ளிம்மே! வெள்ளி கீதும்மே!"

அவர் கையை இறக்கினார்.

"மூணு தரம்" என்றார். அந்த உடைந்த குரலிலேயே, கத்தாமல், என்னைப் பார்த்து. "யாரும் கேக்கலம்மே. நம்ம வூட்டுக்கே."